வாதம் இருப்பவருக்குக் கால் விரல் திடீரென்று வீங்கினால்

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 57 வயது. சில வருடங்களாக முடக்குவாதம். கண்டி கிளினிக்கில் கொடுத்த மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள் எடுக்கிறார். பிரஷருக்கும் மாத்திரை உண்டு. இதுவரை நோவெல்லாம் கை விரல் மூட்டிலும் மணிக்கட்டிலும்தான். சனிக்கிழமை கொழுந்து எடுத்துவிட்டு வந்து நன்றாகப் படுத்தவருக்கு, விடிகாலையில் வலது காலின் பெருவிரல் அடி சிவந்து வீங்கிக் கிடக்கிறது. கம்பளி பட்டாலே துடிக்கிறார். பக்கத்து விரலுக்கும் வீக்கம் ஏறி மெட்டி இறுகிவிட்டது. இது அதே வாதம் கூடியதா, மெத்தோட்ரெக்சேட் இரண்டு மாத்திரை சேர்த்துப் போடலாமா, கிளினிக் திகதி வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடப் போடக்கூடாது. பொறுக்கவும் வேண்டாம். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் மெட்டியைக் கழற்றுங்கள். வீக்கம் இன்னும் ஏறலாம், மெட்டி விரிந்து கொடுக்காது. அம்மாவைப் படுக்கவைத்து, காலை இரண்டு தலையணை மேல் உயர்த்தி, துணியில் சுற்றிய குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் கால் மணி நேரம் ஒத்தி வையுங்கள். பிறகு தேங்காயெண்ணெயோ சவர்க்காரமோ தடவி, நேராக இழுக்காமல் திருகித் திருகி எடுங்கள். அடியில் பிளவு உள்ள மெட்டி என்றால் இரண்டு முனையையும் விரித்தாலே வந்துவிடும். நூல் வைத்து எடுக்கும் முறையும் உண்டு. தையல் நூலின் ஒரு முனையை மெட்டிக்கு அடியால் நுழைத்துப் பாதத்தின் பக்கம் விட்டு, மற்ற நூலை மெட்டியை ஒட்டி நகம் வரைக்கும் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். அப்புறம் பாதப் பக்க முனையை நகத்தின் பக்கமாக இழுத்து அவிழ்க்க அவிழ்க்க, மெட்டி நூலின் மேல் ஊர்ந்து வரும். தொட்டாலே துடிக்கிற விரலில் இதைச் செய்ய அம்மா விடமாட்டார். அப்படியானால் மல்லுக்கட்ட வேண்டாம், ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிடுவார்கள். விரல் நுனி வெளிறினாலோ, நீலமானாலோ, மரத்துப் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கட்டின மெட்டியைக் கழற்றுவதா என்று முரண்டு பிடித்தால், "மற்றக் காலில்தான் இருக்கிறதே அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். கிளினிக்கில் நாங்கள் சொல்லி வேலை செய்த பதில் அது.

சரி, மெத்தோட்ரெக்சேட். அது வலி மாத்திரை இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குவதை மெதுவாக அடக்குகிற மருந்து. வேலை செய்யத் தொடங்கவே வாரக்கணக்கில் ஆகும், அதனால் இன்றைக்கு இரண்டு கூடப் போட்டு நாளைக்கு வீக்கம் வடியாது. ஆனால் கூடிப்போனால் வாயெல்லாம் புண்ணாகும், இரத்த அணுக்கள் விழும், ஆளையே கொண்டு போகும். வாரத்துக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான். தெரியாமல் தினமும் போட்டு வார்டில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளினிக் கொப்பியின் மேலட்டையில் எந்தக் கிழமை என்று தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இனி, இது அதே வாதமா? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடக்குவாதம் கால் விரல்களைப் பிடிப்பது புதினமில்லை. விரல்கள் பாதத்தோடு சேரும் அந்த வரிசை மூட்டுகளில்தான் பலருக்கு அது தொடங்கவே செய்யும், கூழாங்கல் மேல் நடப்பது மாதிரி இருக்கிறது என்பார்கள். ஆனால் அது வருகிற விதம் வேறு. சில நாட்களாக மெல்ல மெல்லக் கூடும். பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். கை மூட்டும் சேர்ந்து கனக்கும். காலையில் எழும்பியதும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் இருக்கும். உங்கள் அம்மாவுக்குக் கை இப்போது சும்மா இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே கால், ஒரே மூட்டு, ஒரே இரவு, அதோடு தோல் சிவந்து மினுங்குகிறது. முடக்குவாதத்தில் மூட்டு வீங்கும், சுடும், ஆனால் இந்தளவு சிவப்பது குறைவு. வாதம் இருக்கிறவருக்கு என்ன வந்தாலும் வாதத்தின் தலையில் கட்டிவிடுகிற பழக்கம் நோயாளிகளிடம் மட்டுமல்ல, ஓபிடி நெரிசலில் எங்கள் ஆட்களிடமும் உண்டு. கவனமாக இருக்க வேண்டிய இடம் அதுதான்.

எனக்கு முதலில் வரும் சந்தேகம் இரண்டு. கௌட், அல்லது கிருமி.

கௌட் என்பது இரத்தத்தில் யூரிக் அசிட் கூடி, அது ஊசி ஊசியாகப் படிந்து மூட்டுக்குள் இறங்குவதால் வருவது. அந்தப் படிகம் குளிர்ந்த இடத்தில் சுலபமாக உறையும். உடம்பிலேயே குளிர்ந்த மூட்டுகளில் ஒன்று பெருவிரல் அடி, அதிலும் ராத்திரியில். நம் மலைநாட்டுக் குளிரில் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு திரிகிற கால் எவ்வளவு சில்லிட்டிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நள்ளிரவில் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போய், போர்வை பட்டால் கூட உயிர் போகிற நோவு என்றால் அது கௌட்டின் கையெழுத்து.

"அம்மா குடிப்பதே இல்லையே, கௌட் எப்படி வரும்" என்று கேட்பீர்கள். சாராயமும் பியரும் ஆண்களுக்குப் பெரிய காரணம், உண்மை. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் யூரிக் அசிட் ஏறும். அதுவரை உடம்பில் இருந்த ஹோர்மோன் அதைச் சிறுநீரோடு வெளியே தள்ள உதவிக்கொண்டிருந்தது. அடுத்து, பிரஷர் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைட், புருசமைட் போன்ற சிறுநீர் போக்கும் மாத்திரைகள் யூரிக் அசிட்டை உயர்த்தும், சிறிய அளவு அஸ்பிரினும் அப்படித்தான். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள், மாற்று மாத்திரை உண்டு. மூன்றாவது, தண்ணீர். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். மலையில் ஒதுங்க ஒரு கழிவறை இல்லாதபோது வேறென்ன செய்வார்கள்? ஆனால் உடம்பு வறண்டால் யூரிக் அசிட் கெட்டியாகும், சிறுநீரகமும் பழுதாகும். இதைத் தோட்டத்து நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய விஷயமாகத்தான் பார்க்கிறேன், அம்மாவின் அலட்சியமாக இல்லை.

முடக்குவாதம் இருந்தால் கௌட் வராது என்று பழைய காலத்தில் நம்பினார்கள். அப்படி ஒன்றும் இல்லை, ஒரே ஆளுக்கு இரண்டும் வரும்.

இரண்டாவது சந்தேகமான கிருமிதான் எனக்குப் பயம். முடக்குவாதம் இருப்பதாலேயே மூட்டுக்குள் கிருமி போகும் ஆபத்து மற்றவர்களை விடக் கூட. அதன் மேல் மெத்தோட்ரெக்சேட், பிரெட்னிசலோன் என்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. இவர்களுக்குக் கிருமி இருந்தும் காய்ச்சல் பெரிதாகக் காட்டாமல் போகலாம். ஆகவே "காய்ச்சல் இல்லை, அப்போது ஒன்றுமில்லை" என்ற கணக்கு இங்கே செல்லாது. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் சில நாளிலேயே மூட்டு அரித்துப் போகும்.

எங்கே இருந்து உள்ளே போகும் என்றால், நம்முடைய மலையில் வழி ஏராளம். அம்மாவின் கால் விரல் இடுக்குகளை டோர்ச் அடித்துப் பாருங்கள். அட்டை கடித்த இடம் இருக்கிறதா? அட்டை தன் எச்சிலால் இரத்தத்தை உறையவிடாமல் செய்வதால் கடிவாய் நெடுநேரம் கசியும், பிறகு நாட்கணக்கில் அரிக்கும். கொழுந்து எடுத்த கையாலேயே சொறிவார்கள், நக அழுக்கு உள்ளே போகும். அட்டையை இழுத்துப் பிய்த்தால் காயம் இன்னும் மோசமாகும்; அது ஒட்டியிருக்கும் முனைக்கு அடியில் நகத்தைச் செருகித் தள்ளினால் விட்டுவிடும். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவ வேண்டும். அடுத்து சேற்றுப்புண். நான்காவது ஐந்தாவது விரலுக்கு இடையில் தோல் வெளுத்து ஊறிப்போய் வெடித்திருக்கும். மழைக்காலத்தில் நாள் முழுக்க நனைந்த காலுக்கு அது வராவிட்டால்தான் அதிசயம். நகத்தின் ஓரம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிவப்பு மூட்டோடு நிற்காமல் பாதத்தின் மேல் பரவினாலோ, சிவந்த கோடு கணுக்காலை நோக்கி ஏறினாலோ, தொடை இடுக்கில் நெறி கட்டினாலோ கிருமி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதே ஒரு பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, மணியையும் எழுதி, போனில் ஒரு படம் எடுங்கள். டொக்டருக்கு அந்தப் படம் நாம் வாயால் சொல்வதை விடப் பெறுமதியானது.

வேறு காரணங்களும் உண்டு. நீண்ட நாள் பிரெட்னிசலோன் எடுத்தவருக்கு எலும்பு நொய்ந்து, விழாமல் அடிபடாமலே பாத எலும்பில் கீறல் விழலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் இரண்டு மூன்று வாரம் கழித்துத் தெரியவரும். ஒரு விரல் முழுக்க, நுனி முதல் அடி வரை, உருண்டு தடித்து நகத்தில் சின்னச் சின்னக் குழி விழுந்திருந்தால் அது சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு வரும் வேறு வகை வாதம். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் விரல்கள் ஊதா நிறமாகித் தடித்து, அடுப்பருகே போனதும் எரிந்து அரிக்கும். அது குளிர் வீக்கம், மூட்டு நோயே இல்லை. அதற்குக் குளிர் ஒத்தடம் கூடாது, நெருப்புக்கு நேரே காலை நீட்டவும் கூடாது, உலர்ந்த காலுறை போட்டு மெல்லச் சூடாக்க வேண்டும்.

கௌட்டா கிருமியா என்று வீட்டில் யாராலும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. என்னாலும் முடியாது, படம் அனுப்பினாலும் முடியாது. இரண்டும் ஒன்றாக இருப்பதும் உண்டு. அதனால் இன்றைக்கே காட்ட வேண்டும். முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் ஈ.எம்.ஏ. ஐயா (தோட்ட மருத்துவ உதவியாளர்) இருந்தால் அவரிடம் காட்டலாம், ஆனால் அங்கே ஊசி போட்டு அனுப்பிவிட்டால் அதோடு நிற்காதீர்கள். பொகவந்தலாவை வைத்தியசாலைக்கோ, நேரே டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள். 2017இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்தார்களே, அந்தக் கட்டிடம்தான். ஞாயிறு என்றாலும் போயா என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்திருக்கும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிவப்பு பேனாக் கோட்டைத் தாண்டி ஏறுவது, காலை ஊன்றவே முடியாமை, விரல் கறுப்பது, ஆள் தடுமாறிப் பேசுவது, இதில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்து வீட்டுக்கு வாகனம் வராத பாதை என்றால், ஆள்வைத்துத் தூக்கி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து நிற்பதாக அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

போகும்வரை காலை உயர்த்தி வையுங்கள். குளிர் ஒத்தடம் கால் மணி நேரம், இடையில் இடைவெளி விட்டு. சீனி வருத்தம் இருந்து கால் மரத்திருந்தால் அதுவும் வேண்டாம், அவருக்குத் தோல் புண்ணாவது தெரியாது. பெனடோல் (பரசிட்டமோல்) போடலாம், 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் இல்லை. ஒல்லியான ஆளுக்கும் ஈரல் பழுதானவருக்கும் இதை விடக் குறைவுதான். போடும் முன் காய்ச்சல் பார்த்து எழுதி வையுங்கள், போட்ட பின் காய்ச்சல் ஒளிந்துகொள்ளும். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரையை வீட்டில் இருக்கிறது என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். பிரஷர் ஏறும், வயிறு புண்ணாகும். அதை விட, சிறுநீரகம் சோர்ந்தால் மெத்தோட்ரெக்சேட் உடம்பிலேயே தங்கிவிடும்.

சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போகச் சொல்லி யாராவது சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். இந்தக் காலைத் தயவுசெய்து உருவ விடாதீர்கள். கௌட் என்றால் நோவு இரட்டிக்கும், கிருமி என்றால் பரவும், கீறல் என்றால் முறியும். முடக்கொத்தான் ரசம் குடிக்க ஆசைப்பட்டால் குடிக்கட்டும். சித்தாலேப களிம்பு கூடத் தோல் கிழியாத இடத்தில் தடவுவதை நான் தடுக்கமாட்டேன், மனசுக்கு ஆறுதல். இலையை அரைத்துப் புண்ணுள்ள காலில் சூடாகக் கட்டுவதுதான் ஆகாது. பெயரில்லாத பேப்பர்ச் சுருளில் மூன்று நான்கு மாத்திரையைக் கலந்து "வாத மாத்திரை" என்று கொடுப்பதை வாங்கவே வாங்காதீர்கள். அப்படிப்பட்ட கலவைகளில் ஸ்டீரொய்ட் (பிரெட்னிசலோன் வகை மருந்து) இருப்பதுண்டு. ஒரே நாளில் வீக்கம் வடியும், அடியில் கிருமி சுகமாக வளரும்.

ஆஸ்பத்திரியில் முதல் வாயில் சொல்ல வேண்டியது: "முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறார், இந்த விரல் ஒரே இரவில் வீங்கியது." கிளினிக் கொப்பியையும், எல்லா மாத்திரைக் கவரையும் கையில் கொடுங்கள். இரத்தத்தில் வெள்ளணு, சீ.ஆர்.பி. (அழற்சியின் அளவு), கிரியட்டினின் (சிறுநீரகத்தின் நிலை), சீனி, யூரிக் அசிட் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். சந்தேகம் என்றால் ஊசியால் மூட்டு நீரை எடுத்துக் கிருமியும் படிகமும் தேடுவார்கள். அதற்குப் பயப்பட்டு மறுக்காதீர்கள், சந்தேகத்தைத் தீர்ப்பது அந்த ஒரு சோதனைதான். நோவு உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அசிட் சாதாரணமாகக் காட்டலாம். "நோர்மல், அப்போது கௌட் இல்லை" என்று முடிவு கட்டாமல், நோவு ஆறி இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அன்டிபயடிக் எழுதினால் மெத்தோட்ரெக்சேட்டை இன்னொரு முறை நினைவூட்டுங்கள். கோ-ட்ரைமொக்சசோல் என்ற மருந்து அதோடு சேர்ந்தால் இரத்த அணுக்களைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். கிருமி ஆறும்வரை மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தச் சொல்வதும் வழக்கம், எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரெட்னிசலோன் எடுப்பவராக இருந்தால் அதை மட்டும் திடீரென நிறுத்தவே கூடாது.

கௌட் என்று வந்தால் நோவுக்குக் கொல்சிசினோ, சில நாளுக்கு ஸ்டீரொய்டோ கொடுப்பார்கள். கொல்சிசின் கூடினால் வயிற்றோட்டம் பிடுங்கும், எழுதிய அளவைத் தாண்டக்கூடாது. அடிக்கடி வருகிறதென்றால் அலோப்யூரினோல். குறைந்த அளவில், பெரும்பாலும் 100 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். யூரிக் அசிட்டை 6 மில்லிகிராமுக்குக் கீழே, சில லாப் ரிப்போர்ட்டில் 360 மைக்ரோமோலுக்குக் கீழே, கொண்டுவந்து அங்கேயே வைத்திருப்பதுதான் நோக்கம். தொடங்கிய முதல் மாதங்களில் இன்னொரு முறை விரல் வீங்கலாம், மருந்து பிழைத்துவிட்டது என்று நினைத்து எறிய வேண்டாம். ஆனால் உடம்பில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு டொக்டரிடம் ஓடுங்கள். வாதத்துக்கு அசதயோபிரின் எடுப்பவருக்கு அலோப்யூரினோல் ஆபத்து, அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சாப்பாட்டில் எல்லோரும் முதலில் நிறுத்தச் சொல்வது பருப்பை. கோபம் வரும் எனக்கு. ரொட்டியும் பருப்பும் சம்பலும்தான் பாதிக் குடும்பத்துக்குச் சத்து, அதையும் பிடுங்கினால் என்ன மிச்சம்? பருப்பும் கீரையும் கௌட்டைக் கூட்டுவதில்லை. குறைக்க வேண்டியது ஈரல், குடல், நெத்தலி, கருவாட்டை அள்ளிப் போடுவது, இனிப்புச் சோடா, தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி. தேத்தண்ணி குடிக்கட்டும், சீனியைத்தான் பார்க்க வேண்டும்.

வீக்கம் வடிந்த பிறகு செருப்பு. வாதக்காரரின் முன்பாதம் அகன்று விரல் மடங்கியிருக்கும். பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வார் போகும் ரப்பர் செருப்பு சரியாக நோகிற இடத்தில் அரைக்கும். முன்பக்கம் அகலமான, குதிக்காலில் வார் உள்ளது வாங்குங்கள். மூடிய சப்பாத்து என்றால் மூட்டு முட்டும் இடத்தில் பழையதைச் சின்னதாக வெட்டிவிடலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். மலையிலிருந்து வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து உலர்த்திய பிறகுதான் மற்ற வேலை. இரண்டு சோடி காலுறை இருந்தால் ஒன்றை எப்போதும் காயவைக்கலாம்.

காலை ஊன்ற முடியும்வரை கொழுந்துக்கு அனுப்ப வேண்டாம். பேர் (அன்றைய நாட்கூலி) போய்விடும் என்று அம்மா அந்தரப்படுவார். மருத்துவச் சான்றிதழை வார்டில் இருக்கும்போதே கேட்டு வாங்கி, கொப்பியோடு சேர்த்து வையுங்கள். முதல் சில நாட்களுக்குச் சரிவான மலை வேண்டாம் என்று கங்காணியிடம் அதைக் காட்டிப் பேசலாம். கண்டி கிளினிக்குக்குத் திகதி முந்தித் தரச் சொல்லி ஒரு துண்டு எழுதி வாங்குங்கள், இரண்டு வாரத்துக்குப் பின் எடுக்கும் யூரிக் அசிட் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.